இருமலும் பாடத்தில் உண்டு

பேய் பிசாசு என்று யாராவது என் முன்னால் பேச்செடுத்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், அடுத்தது கோபம் வரும். வேலை வெட்டி இல்லாதவர்களைத்தான் பேய் பிடிக்கும் என்பது என் கட்சி. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அப்புத்தளைக்கு பஸ் பிடித்து, துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்து, இருட்டுகிற நேரத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து சேருகிறவளைப் பிடிக்க எந்தப் பேய்க்கும் நேரம் வாய்க்காது. அப்படிப்பட்ட என்னையே ஒரு நாள் என் சொந்த ஒற்றை அறைக் காம்பிராவின் வாசலில் நடுங்கி நிற்க வைத்தாள் என் மகள்.

அன்று கடை அரை நாள்தான். மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வந்தேன். எங்கள் தோட்டம் அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் நடுவே சரிவில் இருக்கிறது. பனி எங்களுக்கு மேலிருந்து இறங்குவதில்லை. கீழே பள்ளத்திலிருந்து ஏறி வரும். அன்றைக்கு ஏறிய பனி லயத்தையே மூடிவிட்டது. கரண்டும் இல்லை. எங்கள் காம்பிராவுக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதையும் குளிருக்காகச் சாத்தி வைத்திருந்தோம். பகல்தான், ஆனால் உள்ளே போனால் பானை எது, பாய் எது என்று தெரியாது.

உள்ளே மகள் வாசித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகம். "எங்கள் ஊரில் ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் மருத மரங்கள் நிற்கின்றன." கணீரென்ற குரல், ஒரு தடங்கல் இல்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். மருத மரங்கள் நிற்கின்றன என்றதும் அவள் இருமினாள். இரண்டு தடவை. எட்டு வயதுப் பிள்ளையின் இருமல் இல்லை அது. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, தொண்டையில் முட்டி, பாதியில் நின்றுபோகும் ஒரு வயதான ஆணின் வறட்டு இருமல். பிறகு "ம்..." என்று ஒரு முனகல். அதற்குப் பிறகு பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

என் கை வளையல் எனக்கே தெரியாத இருட்டில் அவள் அடுத்த பக்கத்தை வாசித்தாள்.

"ஏய், இருட்டுல என்னாத்த வாசிக்கிற?" என்றேன். அவள் நிறுத்தவில்லை. பாடம் முடியும்வரை, இன்னும் இரண்டு பக்கம் திருப்பி, கடைசி வரியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். "பாடம் நடுவுல நிப்பாட்டக் கூடாதும்மா," என்றாள், அவளுடைய சொந்தக் குரலில்.

பக்கத்துக் காம்பிரா அக்காவுக்குக் காது நீளம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அன்று மாலையே எங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்றுகொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி மெதுவாகச் சொன்னார்: "நான் சொல்றேன்னு கோவிக்காத. இது அந்தக் கெழவரோட இருமலு. ஒங்களுக்கு முந்தி இந்தக் காம்பிராவுல இருந்தாரே, பெக்டரியில தூள் சலிச்சவரு, நெஞ்சு அடைச்சுச் செத்தாரு. எனக்கு அந்த இருமலு மறக்குமா? ராத்திரியெல்லாம் கேட்டுக் கெடந்தவ நானு."

"அவரு செத்தப்பொறகு மூணாம் ஆண்டு பாடம் படிக்க வர்றாராக்கும்," என்றேன் நான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வாயால் அவரை விரட்டிவிட்டேன், ஆனால் எனக்குள் புகுந்ததை விரட்ட முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து மகள் புத்தகத்தை எடுத்தாலே கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிடுவேன். மருத மரம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வரும். இருமுவாள். "ம்..." என்பாள். பக்கத்தைத் திருப்புவாள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, மற்ற நேரத்தில் ஒரு செருமல்கூட இல்லை. பாடத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் சாது. தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை, வந்தால் சாப்பாடு, ஜெபமாலை, தூக்கம். மகளின் இருமலைக் கேட்டுவிட்டு அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "சாமியாரக் கூட்டிட்டு வந்து தீர்த்தம் தெளிப்பமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. மொதல்ல நான் பாக்குறேன்," என்றேன்.

நான் பார்த்த விதம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், நல்ல வெயிலில் இஸ்தோப்பில் அவளை உட்கார வைத்தேன். புத்தகத்தில் வேறொரு பக்கத்தைத் திறந்து மடியில் வைத்தேன். யானைப் படம் போட்ட பாடம். "வாசி," என்றேன். அவள் யானையைப் பார்த்துக்கொண்டே "எங்கள் ஊரில் ஓர் ஆறு ஓடுகிறது" என்று ஆரம்பித்தாள். "அது இல்ல, இது," என்று காட்டினேன். "ஆ, யானைப் பாடமா?" என்றாள். உடனே யானைப் பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் பிசகாமல் சொன்னாள். நான் திறந்து வைத்திருந்ததோ அந்தப் பாடத்தின் நடுப்பக்கம்.

உள்ளே போய் பாண் சுற்றி வந்த தாளை எடுத்து வந்தேன். அதில் பெரிய எழுத்தில் பேக்கரியின் பெயர் தமிழில் இருந்தது. "இத வாசி." அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சவர்க்காரத்தின் உறையைக் காட்டினேன். அதையும் பார்த்தாள். "மொத எழுத்து என்னா?" என்று அதட்டினேன். அவள் மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டித் தேடினாள்.

"இது பாடத்துல இல்லையேம்மா," என்றாள்.

என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. ஓர் எழுத்துகூடத் தெரியாது.

பேய் பிடித்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பேயை ஓட்ட யாராவது இருப்பார்கள். இன்னும் இரண்டு வருஷத்தில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. அதில் தேறினால் பதுளையில் பெரிய பள்ளிக்கூடம். தேறாவிட்டாலும் எழுத்துத் தெரிந்தால் என்னைப் போல ஒரு கடையிலாவது நிற்கலாம். எழுத்துத் தெரியாவிட்டால் அவளுக்குத் தேயிலைக் கொழுந்துக் கூடைதான், வேறு பேச்சே இல்லை. என் அம்மாவின் தலையில் கூடைக் கயிறு பதிந்த தழும்பைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் மகளின் தலையில் அந்தக் கயிறு ஏறக் கூடாது என்பதற்காகத்தான் விடியுமுன் எழுகிறேன்.

இவ்வளவு நாளும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள், பதில் இருக்கிறது. அவளுடைய கொப்பியைப் பார்த்தால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுவாள், பூ வரைகிற மாதிரி. வாசிக்கச் சொன்னால் அருவி மாதிரி கொட்டுவாள். பெற்றோர் கூட்டத்தில் அந்த வகுப்பை மேடையேற்றி வாசிக்க வைத்தார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர்கள் கைதட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இருந்தெல்லாம் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள், சர்ச் பள்ளிக்கூடம் என்றால் வாசிப்புக்குப் பேர்போனது என்று. நானும்தான் கைதட்டினேன். கொப்பியில் போட்டிருக்கும் சரி அடையாளங்கள் மட்டும் எழுத்துக்கு மேலே விழாமல் ஓரத்தில், சில சமயம் தாளைத் தாண்டியும் ஓடியிருக்கும். அவசரக்கார வாத்தியார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். பிள்ளைகளின் சாப்பாட்டை அம்மாமார் முறை வைத்துச் சமைக்க வேண்டும். என் முறை வந்தபோது கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். சமைக்க மட்டும் போகவில்லை. அந்த வகுப்பில் என்னதான் நடக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

மாதா கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரே நீள மண்டபம்தான் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகையை நிறுத்தியிருப்பார்கள், அதுதான் சுவர். பக்கவாட்டில் அரைச் சுவர் மட்டுமே, அதனால் பனிக்கு வாசல் தேவையில்லை. காலையில் வெயில் இருந்தது. சோற்றை வடித்து, பருப்பை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மண்டபத்தைக் காணோம். பனி ஏறியிருந்தது.

மற்ற வகுப்புகளில் சத்தம் அடங்கிவிட்டது. கரும்பலகை தெரியாததால் டீச்சர்மார் பாடத்தை நிறுத்திவிட்டார்கள் போல. மூன்றாம் ஆண்டு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பனிக்குள் ஆள் தெரியாமல் இருபது முப்பது பிள்ளைகளின் குரல் ஒரே குரலாக வந்தது. "எங்கள் ஊரில் ஓர் ஆறு ஓடுகிறது." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் அரைச் சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனேன். "ஆற்றங்கரையில் மருத மரங்கள் நிற்கின்றன."

அத்தனை பிள்ளைகளும் இருமினார்கள்.

இரண்டு தடவை. அதே இருமல். சின்னச் சின்னத் தொண்டைகளில் இருந்து ஒரே நேரத்தில் அந்த வயதான இருமல். பிறகு எல்லாரும் சேர்ந்து "ம்..." என்றார்கள். எல்லாப் பக்கங்களும் ஒன்றாகத் திரும்பின. நான் வாய்க்குள்ளேயே மாதாவைக் கூப்பிட்டேன். பேயை நம்பாதவள் கூப்பிட்ட கூப்பாடு அது.

இன்னும் நாலு எட்டு வைத்ததும் வகுப்பு வாத்தியார் சேரைக் கண்டேன். வெள்ளைச் சட்டை, கையில் புத்தகம், நேராக நின்றுகொண்டிருந்தார். எங்கள் தோட்டத்திலேயே பிறந்து, இதே மண்டபத்தில் படித்து, இதே மண்டபத்துக்கு வாத்தியாராக வந்தவர். இந்த வகுப்பை முதலாம் ஆண்டிலிருந்து கூடவே கூட்டிக்கொண்டு வருகிறார். பிள்ளைகளை அடிக்க மாட்டார். சப்பாத்து இல்லாமல் வருகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப மாட்டார். எவ்வளவு பனி அடித்தாலும் கோயில் படியில் கை பிடிக்காமல் விறுவிறுவென்று இறங்கிப் போவார். "சேருக்குப் பனியெல்லாம் ஒரு கணக்கே இல்ல" என்று லயத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

நான் அவருக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் போய் நின்றேன். வணக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண் என் மேல்தான் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முகத்தைத் தாண்டி, என்னையே தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு, பிள்ளைகளின் வாசிப்புக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு இருமல் வந்தது. இரண்டு தடவை, பாதியில் நிற்கும் அந்த இருமல். அது அவருடைய இருமல்.

பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் வாசிப்பை நிறுத்தவில்லை. வாய் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, கண்கள் மட்டும் என் மேல் நிலைகுத்தி நின்றன. சேர் கரும்பலகையில் எழுத வெண்கட்டிக்காகக் கையை நீட்டினார். முன் வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளை பார்க்காமலே அதை எடுத்து அவர் விரலில் வைத்தது. அவர் காலைப் பின்னால் வைத்தபோது இன்னொரு பிள்ளை எட்டி, அவர் உட்காரும் கதிரையைச் சத்தமில்லாமல் நகர்த்தியது. எல்லாம் வாசிப்போடு வாசிப்பாக நடந்தன. நான் என் மகளைத் தேடினேன். மூன்றாவது வாங்கில் இருந்தாள். என்னைப் பார்த்து, மிக லேசாக, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நான் வந்த வழியே அடுப்படிக்குத் திரும்பிப் போனேன். 

வீட்டுக்குப் போகும் வழியில் மகளைக் கேட்டேன். "சேருக்குக் கண்ணு தெரியாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்," என்றாள், மழை பெய்யும் என்பது போல. "வெளிச்சம் தெரியுமாம். ஆளு தெரியாதாம். சீனி வருத்தம்னு சொன்னாரு, சக்கரை நோயாம்."

"ஏன்டி வீட்டுல சொல்லல?"

"சொன்னா சேரை வேலையவிட்டு அனுப்பிருவாங்க."

அவர் புத்தகத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பாடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் காதால் வாங்கிக்கொண்டார்கள், பக்கம் திருப்புகிற இடத்தையும், அவர் இருமுகிற இடத்தையும் சேர்த்து. எது பாடம், எது சேர் என்று அவர்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

அடுத்த நாளே கடைக்குப் பிந்திப் போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்கூட அதிபர் சிஸ்டரிடம் போய் நின்றேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு கொஞ்சம் மங்கல்னு தெரியும்," என்றார். "இவ்வளவுன்னு தெரியாது. தெரிஞ்சுக்கவும் நான் போகல. அவரு போனா வேற ஆளு வருவாங்கன்னு நெனைக்கிறீங்களா? டவுன்ல இருந்து போடுறவங்க முதல் தவணை முடியிறதுக்குள்ள மாத்தல் வாங்கிட்டுப் போறாங்க. இவரு இருக்கிறதால பிள்ளைங்க வருதுங்க. சந்தோசமா வருதுங்க."

"வந்து என்னா சிஸ்டர்? கிளிப்பிள்ளைக்கும் எம் பிள்ளைக்கும் என்னா வித்தியாசம்?"

"வலயத்துக்கு எழுதப் போறீங்களா?"

"இல்ல," என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை, ஆனால் நிஜம். அந்த மனுஷன் போய்விட்டால் என் பிள்ளைக்கு எழுத்து வந்துவிடப் போகிறதா? அவள் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. "நானே சொல்லிக் குடுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லிக் கொடுப்பது லேசாக இல்லை. கடைவிட்டு வந்து சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் எழுதிக் காட்டுவேன். அவள் உடனே அதைப் போலவே அழகாக எழுதிவிடுவாள். என்ன எழுத்து என்று கேட்டால் விழிப்பாள். அவளுக்கு எழுத்து என்பது கோலம், சத்தம் என்பது வேறு. அந்த இரண்டையும் அவளுக்குள் முடிச்சுப் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கத்தியிருக்கிறேன். வெண்கட்டியைத் தூக்கி எறிந்திருக்கிறேன். சோறு அடிப்பிடித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார், யாருக்காக என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் மாலை அவள் பாண் தாளை என் கையிலிருந்து வாங்கி, விரலை வைத்து, மூச்சு வாங்கி வாங்கி, பேக்கரியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது என்று சொல்வார்கள், எனக்கு அது அன்றுதான் விளங்கியது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அவள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுது முகம் வீங்கி வந்தாள். பையை வீசிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் கடையிலிருந்து வந்து, கெஞ்சி, அதட்டி, கடைசியில் விஷயத்தைக் கறந்தேன்.

அன்று வகுப்பில் வாசிக்கும்போது அவள் வழக்கம்போல் ஒப்பிக்காமல் எழுத்தைப் பார்த்தே வாசித்திருக்கிறாள். மற்றவர்கள் வரி முடிக்கும்போது இவள் நடுவில்தான் இருந்திருக்கிறாள். ஒரே குரலில் ஓடிக்கொண்டிருந்த பாடத்துக்குள் ஒரு குரல் மட்டும் திக்கித் திக்கி வந்திருக்கிறது. கண் இல்லாதவருக்குக் காது கூர்மை. சேர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தியிருக்கிறார்.

"யாரது, வாசிக்கத் தெரியாத பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார்.

எல்லாரும் இவள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கடிந்துகொள்ளவில்லை. கிட்டே வந்து தலையைத் தடவி, "பரவாயில்லம்மா, மத்த பிள்ளைங்களப் பாத்து நல்லா வாசிக்கப் பழகு" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தடவலைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நானே வகுப்புக்குப் போனேன். கடைக்கு லீவு சொல்லவில்லை, வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். பனியும் வந்துவிட்டது. வாசலில் என் குரலைக் கேட்டதும் சேர் எழுந்து நின்றார். "யாரோட அம்மா? வாங்க, வாங்க," என்று நான் நிற்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குத் தயாராக இருந்த வார்த்தைகளில் பாதி அந்தக் கும்பிட்டில் போய்விட்டது.

மீதியைச் சொன்னேன். "சேர், நேத்து நீங்க வாசிக்கத் தெரியலன்னு சொன்னது எம் பிள்ளைய. இந்த வகுப்புல வாசிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுக்குத்தான். மத்ததெல்லாம் பாடமாக்கிச் சொல்லுதுங்க. சந்தேகம்னா ஒவ்வொண்ணாக் கேட்டுப் பாருங்க."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. சின்னச் சிரிப்புத்தான் வந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று என்னைப் பற்றி நினைத்த சிரிப்பு. அவர் கேட்டது எல்லாம் தடங்கல் இல்லாத வாசிப்பு. இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பனியிலும் வெயிலிலும் தன் பிள்ளைகள் அருவியாய் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர். தான் வெற்றி பெற்ற வாத்தியார் என்று உளமார நம்பியவர். "சரிங்கம்மா," என்றார். "பாருங்க."

முன் வாங்குப் பிள்ளையைக் கூப்பிட்டார். புத்தகத்தைத் திறந்து, விரலை ஓரிடத்தில் வைத்து, "நான் காட்டுற எடத்த மட்டும் வாசி," என்றார். பிள்ளை "எங்கள் ஊரில் ஓர்" என்று ஆரம்பித்தது. "அது இல்ல. என் வெரலுக்குக் கீழ என்னா எழுதியிருக்கு?" பிள்ளை பேசவில்லை. அடுத்த பிள்ளை. அதுவும் பேசவில்லை. அடுத்தது. சிரிப்புப் போய்விட்டது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், ஒவ்வொரு பிள்ளையும் வந்து நின்றது, விரலைப் பார்த்தது, சும்மா நின்றது. பக்கத்து வகுப்புகளும் அடங்கிவிட்டன. மண்டபம் முழுக்கப் பனி, அதற்குள் அவர் கூப்பிடும் பெயர் மட்டும்தான் கேட்டது. பிள்ளையின் காலடி வரும், நிற்கும், போகும். எந்த இருமலைவிடவும் அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று இருந்தது.

கடைசியில் என் மகளின் பெயர். போய் நின்றாள். அவர் விரலை வைத்தார். இவளும் சும்மாவே நின்றாள்.  தெரியாது என்று சொல்லப் போகிறாளா? எல்லாரையும் போல நின்றுவிட்டுத் திரும்பப் போகிறாளா?

"சேர்," என்றாள். "அந்த எடத்துல ஒண்ணும் எழுதலங்க. அது ஓரம்."

அவர் அசையவில்லை. விரல் அந்த வெறும் தாளின் மேலேயே இருந்தது. எத்தனை பிள்ளைகள் வந்து அந்த வெறும் தாளைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எழுத்து இல்லை என்று சொல்வதற்கும் எழுத்துத் தெரிய வேண்டும்.

"எழுத்து இங்க இருக்குங்க," என்று அவர் விரலைப் பிடித்து இறக்கி வைத்தாள் மகள். பிறகு அந்த விரலைத் தள்ளித் தள்ளி வாசித்தாள். திக்கினாள், ஒரு எழுத்தில் நின்றாள், திரும்பி வந்தாள். ஒரு வரியை வாசித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர் தலையைச் சாய்த்து, முன்பு என்றும் கேட்காத ஒன்றைக் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுதான் வாசிப்பு," என்றார் கடைசியில். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, அரைச் சுவரைத் தடவிக்கொண்டு சிஸ்டரின் அறைக்குப் போனார். அவர் எதையும் தடவி நடந்து நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

அவராகவே விலகிக்கொண்டார். பதுளையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் இருக்கிறாராம். சிஸ்டர் சொன்னது போலவே நடந்தது. ஒரு டீச்சரைப் போட்டார்கள், வந்தார், பனியைப் பார்த்தார், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் வேதனைதான். ஆனால் செய்ததை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன்.

போன வாரம் மறுபடியும் என் சமையல் முறை. மூன்றாம் ஆண்டுக்கு வாத்தியார் இல்லாததால், சிஸ்டர் என் மகளைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, மற்றப் பிள்ளைகளுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார். நான் பருப்புக் கரண்டியோடு அரைச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தேன். பெருமையாகத்தான் பார்க்க வந்தேன். மகள் புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, முதல் எழுத்தைச் சொன்னாள்.

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டது. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, விளையாட்டு இல்லை. அத்தனை கண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. தங்கள் சேரை அனுப்பிவிட்ட வாசிப்பைக் கேட்க அவர்களுக்கு மனமில்லை போல. தினமும் இப்படித்தானாம். அவள் வீட்டில் சொல்லவே இல்லை.

ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று என் கால் துடித்தது. அவள் ஒருமுறை நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள், பிறகு குனிந்து, விரலை அடுத்த எழுத்துக்குத் தள்ளி, வாசித்துக்கொண்டே போனாள்.